ஒன்பது முப்பத்தொன்று

பொன்னுரங்கம் சார் ஓய்வுபெற்ற மறுநாள்
துறைத்தலைவர் நாற்காலி
என் உயரத்துக்கு இறங்க மறுக்கிறது.
நெம்புகோல் துருப்பிடித்துக் கிடக்கிறது.
கால் தரையில் படாமலே உட்கார்ந்து
முதல் கையெழுத்தைப் போடுகிறேன்.

வாழ்த்த வந்தவர்கள்
சால்வை மடிப்புக்குள் ஒரு விண்ணப்பமும் வைத்திருந்தார்கள்.
சனிக்கிழமை வகுப்பு தனக்கு வேண்டாம் என்கிறார் ஒருவர்,
வேறு யாருக்கு என்று சொல்லாமல்.
கௌரவ விரிவுரையாளர் மும்தாஜுக்குச்
சம்பளப் பட்டியல் இருபதாம் தேதிக்குள் போக வேண்டும்.
"வேற ஒண்ணும் கேக்கலை மேடம்."
பதினோரு மாதச் சம்பளத்தில்
பன்னிரண்டு மாத வாடகை கட்டுகிறவள்.
ஆய்வக உதவியாளர் கன்னியப்பன்
புகையை வெளியேற்றும் விசிறியைக் காட்டினார்.
அது நின்ற நாளிலிருந்து
மணலிக் காற்று உள்ளே வருகிறது,
எங்கள் காற்று வெளியே போவதில்லை.
எது மோசம் என்று அவர் மூக்குக்குத்தான் தெரியும்.

மாணவர்கள் சால்வை கொண்டுவரவில்லை.
வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்கள்:
"மேடம், ஒன்பதரைக் கதவு இனிமே இன்னா ஆவும்?"

சார் ஒன்பதரைக்கு ஆய்வகத்தைப் பூட்டுவார்.
வெளியே நிற்பவர்களில் பாதிப்பேர்
கொருக்குப்பேட்டை பக்கம்.
கேட்டு போட்டால் போட்டதுதான்.
வேகன் ஐம்பத்திரண்டு எண்ணி முடித்தால்
எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்து நிற்கும்.
குனிந்து தண்டவாளம் தாண்டியவர்கள்
சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.
எப்படி வந்தார்கள் என்று கேட்க
வருகைப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஒருநாள் அவரே மாட்டிக்கொண்டார்.
மூன்றாமாண்டு மொத்தமும் வராந்தாவில்.
நாற்பது நிமிடம் கழித்து
சட்டை முதுகோடு ஒட்ட ஏறி வந்தார்.
எஸ்தர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டவில்லை.
ஆனாலும் தட்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
திறந்தார். பாடம் நடத்தினார்.
மறுநாள் ஒன்பதரைக்குப் பூட்டினார்.

அன்று ஆசிரியர் அறையில் உரக்கச் சொன்னவள் நான்தான்,
"அந்த நாற்காலியில ஒரு மனுஷன் உட்காரணும்."
தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார்.
தெரிந்துதான் சொன்னேன்.

நேற்று சாவியைக் கொடுத்தபோது
அறிவுரை ஏதும் சொல்லவில்லை.
இழுப்பறையைத் திறந்து
பாதி பிதுக்கிய தீப்புண் களிம்பு ஒன்றை
மேசைமேல் வைத்தார்.
"பிரமிளா" என்றார். அவ்வளவுதான்.

பத்து நிமிடம் பிந்தி வந்து,
தொடக்கத்தில் சொன்னதைக் கேட்காமல்,
அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றியவள்.
திருவொற்றியூர் மண்டபத்தில் அவள் வரவேற்புக்கு
நாங்கள் எல்லோரும் போயிருந்தோம்.
கோடை நடுவில்
மணிக்கட்டு வரை நீண்ட கை வைத்த ரவிக்கை.
புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டு
நான் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

இப்போது ஒன்பது முப்பத்தொன்று.
உள்ளே இருபத்தாறு பேர்.
கன்னியப்பன் தீப்பெட்டியோடு என்னைப் பார்க்கிறார்.
விசிறி இன்னும் ஓடவில்லை.
படிக்கட்டில் யாரோ ஓடி வருகிறார்கள்.
செருப்பு அறுந்திருக்க வேண்டும்,
ஒரு அடி தட்டுகிறது, ஒரு அடி தேய்கிறது.
முதல் மாடி.
திருப்பம்.

"பர்னரைப் பத்தவைக்காதீங்க" என்கிறேன்.
இதை எத்தனை காலைக்குச் சொல்ல முடியும்,
கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.
உள்ளே வந்தவள் மூச்சு வாங்கியபடி
"கேட்டு, மேடம்" என்கிறாள்.
எதில் எதை ஊற்ற வேண்டும் என்பதை
மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முன்வரிசையில்
முழங்காலில் கிரீஸ் கறையோடு ஒரு பையன்,
நேரத்துக்கு வந்தவன்,
கடிகாரத்தைப் பார்க்கிறான்.